கடைக்குப் போவதற்கு யார் காசு தருகிறார்கள்? மிஸ்டரி ஷாப்பிங்கின் வரவும் சுமைகூலியும்

துணிக்கடையின் ட்ரையல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, கையிலிருந்த சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, போனில் அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். 'உள்ளே வந்தது 4.12. முதல் ஆள் பேசியது 4.15. நீலச் சட்டை, பேட்ஜ் திரும்பியிருந்தது, பெயர் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார். சைஸ் கேட்கவில்லை. இரண்டாவது டிசைனை அவராகவே எடுத்துக் காட்டினார்.' வெளியிலிருந்து கதவைத் தட்டி, "சரியா இருக்குங்களா?" என்கிறார் அவர். சட்டையை நான் இன்னும் போட்டே பார்க்கவில்லை. "கொஞ்சம் லூசா இருக்கு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அடுத்த சைஸ் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாரா, பேசாமல் போய்விடுகிறாரா? கேள்வித்தாளில் 17-ஆவது கேள்வி அதுதான்.

"ஷாப்பிங் போங்கள், சம்பளம் வாங்குங்கள்" என்றுதான் மிஸ்டரி ஷாப்பிங் என்ற இந்த வேலையை, அதாவது சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைக்குப் போய்ச் சேவை எப்படி என்று ரகசியமாகப் பார்த்து எழுதிக்கொடுப்பதை, விளம்பரம் செய்கிறார்கள். போய்ப் பார்த்தால், ஷாப்பிங் இதில் ஏதோ ஒரு ஓரத்தில் நடக்கிற காரியம். கவனிப்பதற்கும், கவனித்ததைச் சிந்தாமல் வீடுவரை கொண்டுவருவதற்கும், அதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாதபடி எழுதுவதற்கும்தான் காசு. எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு போகும் என்று கேட்கிறவர்கள் குறைவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, பகுதிநேர வேலைகளை எடைபோட அந்த ஒரு பழமொழியே போதும் என்பது என் கட்சி.

மாறுவேடத்தின் கதை

ராஜா மாறுவேடத்தில் நகர்சோதனை போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலின் அடிப்படையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முதலாளி வருகிறார் என்று தெரிந்தால் தரை பளபளக்கும், எல்லோரும் சிரிப்பார்கள், கவுன்டரில் ஆள் இருக்கும். அவர் பார்க்க விரும்புவது அவர் இல்லாதபோது நடப்பதை. அதை அவரால் பார்க்கவே முடியாது. அதனால் அவர் சார்பில் ஒரு முகமறியாத ஆள் போக வேண்டியிருக்கிறது.

நவீனத் தொழிலாக இது தொடங்கியது சேவையின் தரத்தைப் பார்க்க அல்ல, திருட்டைப் பிடிக்க. 1850-களில் அமெரிக்க ரயில்வே கம்பெனிகள், பயணிகளிடம் வாங்கிய கட்டணத்தைக் கண்டக்டர்கள் தங்கள் பையில் போட்டுக்கொள்கிறார்களா என்று பார்க்க, பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களைப் பயணிகளாக ஏற்றி அனுப்பின. அப்புறம் கடைகளிலும் வங்கிகளிலும் கல்லாவைக் கண்காணிக்க இதே முறை பரவியது. 'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயர் 1940-களில் வில்மார்க் என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கையாடலைத் தேடிய கண் மெல்ல மெல்லச் சிரிப்பையும், சுத்தத்தையும், வரிசையில் நிற்கும் நேரத்தையும் எண்ணத் தொடங்கியது. 1998-இல் இத்தொழில் செய்யும் நிறுவனங்கள் சேர்ந்து எம்எஸ்பிஏ என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டன. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மோசடிப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

கடைகளோடு இந்த முறை நின்றுவிடவில்லை. 2013-இல் முடிவு வெளியான ஒரு ஆய்வுக்காகப் பிரிட்டனின் நிதிச் சேவைகள் ஆணையம், வங்கிகளில் முதலீட்டு ஆலோசனை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க 231 முறை ரகசிய வாடிக்கையாளர்களை அனுப்பியது. ஏறக்குறைய நான்கில் ஒரு சந்திப்பில், ஒன்று ஆலோசனை பொருத்தமாக இல்லை, அல்லது ஆலோசகர் வந்தவரைப் பற்றிப் போதுமான விவரம் கேட்டறியவே இல்லை. அமெரிக்காவில் வீட்டு வாடகையில் இனப்பாகுபாடு பார்க்கிறார்களா என்று கண்டுபிடிக்கக் கறுப்பினத்தவர் ஒருவரையும் வெள்ளையர் ஒருவரையும் தனித்தனியே ஒரே இடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒருவரிடம் "வீடு காலி இல்லை" என்கிறார்கள், இன்னொருவரிடம் "இருக்கிறது, வாருங்கள்" என்கிறார்கள். 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வாடகைக்கு எடுக்கும் எண்ணமே இல்லாமல் சோதிக்கப் போனவரானாலும் பொய்த் தகவல் தரப்பட்டதற்காக அவர் வழக்குத் தொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

எல்லா இடத்திலும் இதற்கு வரவேற்பு இருந்தது என்று சொல்ல முடியாது. 2011-இல் அமெரிக்க சுகாதாரத் துறை, புது நோயாளிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதா என்று அறிய, டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு நோயாளி போலப் போன் செய்து பார்க்கத் திட்டமிட்டது. செய்தி வெளியானதும் டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். திட்டம் ஒரு போன்கூடப் போகாமல் கைவிடப்பட்டது.

ஒரு வேலை எப்படி நகர்கிறது

கடைக்காரர் நேரடியாக உங்களைத் தேடி வருவதில்லை. நடுவில் ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கும். பெரிய நிறுவனம் ஒன்று, தன் நூறு கிளைகளுக்கும் மாதம் ஒரு முறை ஆள் போக வேண்டும் என்று இதனிடம் ஒப்பந்தம் போடும். ஆய்வு நிறுவனம் தன்னிடம் பதிந்துவைத்திருக்கும் ஷாப்பர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் யாருக்கும் ஊழியர் கிடையாது, ஒவ்வொரு வேலைக்கும் தனி ஒப்பந்தம். அதனால்தான் ஒருவர் ஐந்தாறு நிறுவனங்களில் பதிந்துவைத்திருப்பது சகஜம். ஒரே இடத்தை நம்பி இருந்தால் மாதத்துக்கு இரண்டு வேலை வந்தாலே அதிகம்.

வேலை பட்டியலில் வரும். எடுத்துக்கொண்டால் வழிகாட்டிக் குறிப்பு ஒன்று வரும், பத்துப் பன்னிரண்டு பக்கம்கூட இருக்கும். எந்த நாள், எந்த நேரத்துக்குள், எந்தப் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டும், யாராவது தள்ளுபடி சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும், வாங்க வேண்டுமா, வாங்கினால் எந்தத் தொகைக்குள், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முயல வேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். இதை அரைகுறையாகப் படித்துவிட்டுப் போகிறவர்களின் ரிப்போர்ட்தான் பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு முன் போக வேண்டும் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி. நான் போனது இரண்டு இருபதுக்கு. பில்லில் நேரம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கட்டணமும் போனது, வாங்கிய பொருளின் காசும் போனது. அந்தப் பொருள் இன்னும் வீட்டில் பிரிக்காமல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏழாம் பக்கம் ஞாபகம் வரும்.

உள்ளே போனபின் எல்லாம் ஞாபக சக்திதான். கையில் தாளும் பேனாவும் எடுத்தால் வேடம் கலைந்துவிடும். ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். ட்ரையல் ரூம் ஒரு வழி, கழிவறை இன்னொரு வழி. யாரோ போனில் கூப்பிட்டதுபோல் காதில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே விவரத்தைச் சொல்லிப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. நேரத்தைக் குறிக்க எனக்குத் தெரிந்து எளிய வழி, உள்ளே வரும்போதும் ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் புள்ளியை மட்டும் எனக்கே மெசேஜாக அனுப்பிக்கொள்வது. நேரம் தானாகப் பதிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு யாருக்கோ மெசேஜ் போடுவதுபோல்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பாதி வேலை மிச்சம். ரிப்போர்ட்டை அன்றிரவோ மறுநாளுக்குள்ளோ போட வேண்டும். ஆம், இல்லை கேள்விகள் ஒரு பக்கம். ஒவ்வொரு 'இல்லை'க்கும் கீழே விளக்கம் எழுத ஒரு கட்டம். இந்தக் கட்டங்களில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "ஊழியர் அலட்சியமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் ரிப்போர்ட் திரும்பி வரும். அது உங்கள் முடிவு, நடந்த சம்பவம் அங்கே இல்லை. "நான் கவுன்டரில் நின்ற இரண்டு நிமிடமும் ஊழியர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி இருந்தார். நான் பேசியபின் நிமிர்ந்து பார்த்தார்" என்று எழுத வேண்டும். அலட்சியமா இல்லையா என்பதை வாசிக்கிறவர் முடிவு செய்துகொள்வார். நல்ல ஷாப்பருக்கும் சாதாரண ஷாப்பருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு பழக்கத்தில் அடங்கிவிடுகிறது. எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை ஏன் கொஞ்சம் எளிதாக வருகிறது என்பதற்கும் அதுதான் காரணம்.

ரிப்போர்ட்டை எடிட்டர் ஒருவர் படிப்பார். பில்லில் உள்ள நேரமும் நீங்கள் எழுதிய நேரமும் ஒத்துப்போகிறதா, மூன்றாம் கேள்வியின் பதிலும் பதினொன்றாம் கேள்வியின் பதிலும் முட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பார். ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்பது பழைய அரசியல் பாடம். இங்கேயும் ஒரு கிளையின் தரத்தை ஒரே ஆளின் ஒரே வருகையை வைத்து முடிவு செய்வதில்லை. அடுத்த மாதம் வேறு ஆள் போவார். முகம் பழகிவிடக் கூடாது என்பதற்காக, போன கிளைக்கே நீங்கள் மறுபடி போகக் குறிப்பிட்ட மாதங்கள் இடைவெளியும் வைத்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் போடும் மதிப்பெண், கவுன்டரில் நிற்கும் ஒருவரின் போனஸாகவோ திட்டாகவோ போய்ச் சேரலாம். ஒரு முறை ஒரு கவுன்டரில் ஒரே ஒரு பெண் இருந்தார். வரிசையில் பத்துப் பேர். உள்ளே போன் விடாமல் அடிக்கிறது. கேள்வித்தாளில் இருந்தது, 'வந்த 30 வினாடிக்குள் வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னாரா?' சொல்லவில்லை. 'இல்லை' என்றுதான் குறிக்க முடியும், குறித்தேன். விளக்கக் கட்டத்தில் பத்துப் பேர் வரிசையையும் ஒற்றை ஆளையும் அடிக்கிற போனையும் எழுதினேன். எடிட்டர் 'வாடிக்கையாளர் அனுபவத்துக்குத் தொடர்பில்லாதது' என்று அதை வெட்டிவிட்டார். ஆள் போதவில்லை என்பதை அந்தப் படிவத்தால் பார்க்கவே முடியாது. அது ஆளைத்தான் அளக்கும், ஆள் பற்றாக்குறையை அளக்காது. மார்க்கெட் ஆய்வாளர்களின் உலக அமைப்பான எசோமார் இந்த முறைக்கென்று நெறிமுறை வைத்திருக்கிறது. இப்படியொரு சோதனை நடக்கும் என்று ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நியாயமாக நடக்கிறவர்கள் ஒத்துக்கொள்கிற விஷயம்.

சுமைகூலிக் கணக்கு

இனி காசு. நாட்டுக்கு நாடு, வேலைக்கு வேலை கட்டணம் மாறும் என்பதால் ஒரு வேலைக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் இருப்பது 40 நிமிடம். அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு 150. கேட்க நன்றாக இருக்கிறது, விளம்பரமும் இப்படித்தான் பேசும். வழிகாட்டிக் குறிப்பைப் படிக்க 20 நிமிடம், போய்வர ஒரு மணி நேரம், ரிப்போர்ட் எழுத 50 நிமிடம், எடிட்டரின் கேள்விகளுக்குப் பதில் எழுதவும் பில்லைப் படமெடுத்து ஏற்றவும் 10 நிமிடம் என்று சேர்த்துப் பாருங்கள், மொத்தம் மூன்று மணி நேரம். மணிக்கு 33. போக்குவரத்துச் செலவு 10 என்றால் மணிக்கு 30. பத்தில் ஒரு ரிப்போர்ட் நிராகரிக்கப்பட்டால் 27. ஐந்தில் நான்கு பங்கு சுமைகூலியிலேயே போய்விட்டது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது இங்கே கொஞ்சம் மிகைதான், உழக்கு மிஞ்சுகிறது. ஆனால் படியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு உழக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இதில் இன்னும் இரண்டு நுணுக்கம் உண்டு. ஒன்று, வாங்கச் சொல்லும் பொருளுக்கு முதலில் உங்கள் கைக்காசைப் போட வேண்டும். ரிப்போர்ட் ஏற்கப்பட்டபின், பல இடங்களில் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான், கட்டணத்தோடு சேர்த்துத் திருப்பித் தருவார்கள். ஒரு பெரிய நிறுவனத்துக்கு நீங்கள் வட்டியில்லாக் கைமாற்று கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மாதக் கடைசியில் இழுபறியில் இருப்பவருக்கு இது கூடுதல் வருமானம் ஆகாது, கூடுதல் தலைவலி. இரண்டாவது, கட்டணமே இல்லாமல் வாங்கிய பொருளின் விலையை மட்டும் திருப்பித் தரும் வேலைகள். தங்கும் விடுதி, விலையுயர்ந்த உணவகம் மாதிரி இடங்களுக்கு இது அதிகம். எப்படியும் போயிருப்பேன் என்றால் லாபம். இலவசம் என்பதற்காகப் போகிறேன் என்றால், ஒரு மாலைப் பொழுதைக் கேள்வித்தாளோடு கழித்ததற்கு ஒரு சாப்பாடு கூலி. என் வீட்டில் ஒரு முறை இதைச் செய்துபார்த்தோம். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்க, நான் பரிமாறுகிறவர் எத்தனை நிமிடத்தில் தண்ணீர் நிரப்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அந்த மாதிரி வேலைக்கு வீட்டில் அனுமதி இல்லை.

அனுபவஸ்தர்கள் இந்தக் கணக்கை இரண்டு வழியில் நிமிர்த்துகிறார்கள். ஒரே சுற்றில் நான்கைந்து வேலையைக் கோத்துக்கொள்வார்கள், போய்வரும் நேரம் பங்கிடப்பட்டுவிடும். இன்னொன்று காத்திருப்பது. மாதக் கடைசியில் ஆள் போகாத கிளைகள் மிச்சமிருக்கும். ஒப்பந்தப்படி எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும் என்பதால், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர் கட்டணத்தோடு போனஸ் சேர்த்துக் கெஞ்சுவார். எட்டாத இடத்தில் இருக்கிற கிளைகளுக்கு இது நன்றாகவே ஏறும். மாதத் தொடக்கத்தில் பாய்ந்து எடுப்பவருக்குக் கிடைப்பதைவிடக் கடைசி வாரம் வரை சும்மா இருந்தவருக்கு அதிகம். சும்மா இருக்க முடிகிறவருக்குத்தான் இது சரிப்படும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு மிஸ்டரி ஷாப்பிங்குக்கு மட்டும் உரியது அல்ல. நினைத்த நேரத்தில் செய்யலாம் என்று சொல்லப்படும் எந்த வேலைக்கும் இதே தராசுதான். 2005-இல் அமேசான் 'மெக்கானிக்கல் டர்க்' என்று ஒரு தளம் தொடங்கியது. கம்ப்யூட்டரால் செய்ய முடியாத சின்னச் சின்ன வேலைகளை, படத்தில் இருப்பது என்ன, இந்த வாக்கியத்தின் தொனி என்ன என்பது போன்றவற்றை, மனிதர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் இடம். 1770-இல் கெம்பலன் என்பவர் செய்து காட்டிய 'தானே செஸ் ஆடும் எந்திர'த்தின் பெயர் அது. அந்த எந்திரத்துக்குள் ஒரு மனிதர் ஒளிந்து உட்கார்ந்து ஆடுவார். பெயர் வைத்தவருக்குக் குறும்பு அதிகம் என்று தோன்றும். 2018-இல் வெளியான ஒரு ஆய்வு, இத்தளத்தில் 2,676 பேர் செய்த 38 லட்சம் வேலைகளை எடுத்து மணிக்கணக்கு போட்டது. வேலை தேடிய நேரம், பாதி செய்து கைவிட்டது, செய்தும் நிராகரிக்கப்பட்டது என எல்லாவற்றையும் சேர்த்தபோது நடுவில் நிற்கும் ஆளின் வருமானம் மணிக்குச் சுமார் இரண்டு டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரைத் தாண்டியவர்கள் 4 சதவீதம். ஒவ்வொரு துண்டு வேலைக்கும் போட்டிருந்த விலையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. சுமைகூலியையும் சேர்த்துக் கூட்டியதால் வெளியே வந்தது.

வண்டி ஓட்டும் வேலையில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது. பயணி ஏறியிருக்கும் நேரம் மட்டும்தான் வேலை நேரமா, ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருப்பதும் வேலை நேரமா? 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில், தன் பகுதியில் ஆப்பில் நுழைந்து அழைப்பை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. காத்திருப்பதைக் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு நீதிமன்றம் சொல்வதற்கு இத்தனை காலம் ஆயிற்று. நாம் நம் நோட்டுப் புத்தகத்தில் சேர்க்க யார் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டாம்.

இதே தராசில் மற்றவற்றையும் வைத்துப் பார்க்கலாம். ஆன்லைன் சர்வேக்களில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னபின் "நீங்கள் இதற்குத் தகுதியானவர் அல்ல, நன்றி" என்று கதவைச் சாத்துவது வாடிக்கை. சர்வேயை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இணையதளத்தைப் பயன்படுத்திப் பார்த்து, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யும் சோதனை வேலை பரவாயில்லை. பயணம் கிடையாது, பேசுவதே ரிப்போர்ட். ஆனால் அங்கேயும் தகுதிச் சுற்றுகளில் கழித்துவிடுவார்கள், வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே சந்தோஷப்பட வேண்டும். கடை அலமாரியைப் படமெடுத்து அனுப்பும் ஆப் வேலைகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. எப்படியும் அந்தக் கடைக்குள் இருந்தால் எடுக்கலாம், அதற்கென்று கிளம்பினால் நஷ்டம். பேச்சை எழுத்தாக்கும் வேலையை மென்பொருளே பெரும்பாலும் செய்யத் தொடங்கிவிட்டது. மிஞ்சியிருப்பது அதன் தப்பைத் திருத்துவது. முழுசாக எழுதுவதைவிடச் சில நேரம் அதுதான் அலுப்பு.

டியூஷன் எடுப்பதும், ஏதாவது கைவேலையைக் கற்றுக்கொடுப்பதும் கொஞ்சம் வேறு ஜாதி. முதல் மாதம் சுமைகூலி பயங்கரமாக இருக்கும். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் தயாரிக்க வேண்டியிருக்கும். அடுத்த தடவை அதே பாடத்துக்குப் பத்து நிமிடம் போதும். தெரிந்தவர்கள் சொல்லி அடுத்த மாணவர் வருவார், தேடும் நேரமும் குறையும். சுமை குறைந்துகொண்டே போகும் வேலை எது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தூக்க வேண்டிய வேலை எது என்று பார்த்தால் போதும், முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். மிஸ்டரி ஷாப்பிங் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எழுதும் வேகம் கூடும், ஆனால் போய்வரும் தூரம் குறையாது.

செக் வருகிறது, ஜாக்கிரதை

ஒருவர் பணம் தருகிறேன் என்று சொல்லி உங்களிடமிருந்து பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'சான்றிதழ் பெற்ற ஷாப்பர்' அட்டை என எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கையும் இதுதான்: வேலை தருகிற நேர்மையான நிறுவனம் உங்களிடம் கட்டணம் வாங்காது. முன்னே சொன்ன எம்எஸ்பிஏ சங்கத்தின் பெயரைப் போட்டும் கடிதங்கள் உலவுகின்றன. அந்தச் சங்கம் நிறுவனங்களின் சங்கம், ஷாப்பர்களை அது வேலைக்கு எடுப்பதே இல்லை. ஆகவே "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று அதன் பெயரில் கடிதம் வந்தால், அந்த ஒரு வரியிலேயே குட்டு உடைந்துவிடும்.

பிரபலமான மோசடி செக்கை வைத்து நடக்கிறது. வீட்டுக்குப் பெரிய தொகைக்கு ஒரு செக் வரும். அதை உங்கள் கணக்கில் போடுங்கள், உங்கள் கூலியை வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்குக் குறிப்பிட்ட கடையில் கிஃப்ட் கார்டு வாங்கி அதன் பின்னால் உள்ள எண்களை அனுப்புங்கள், அந்தக் கடையின் சேவை எப்படி இருந்தது என்று எழுதுங்கள் என்று குறிப்பு இருக்கும். பணம் அனுப்பும் நிறுவனத்தின் சேவையைச் 'சோதிக்க' ஒருவருக்குப் பணம் அனுப்பச் சொல்வதும் உண்டு. மோசடியின் உயிர்நாடி வங்கியின் ஒரு நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் செக்கைப் போட்ட ஓரிரு நாளில் பணம் உங்கள் கணக்கில் தெரியும், எடுக்கவும் முடியும். ஆனால் செக் போலி என்று கண்டுபிடிக்க வாரக் கணக்கில் ஆகலாம். அதற்குள் நீங்கள் கார்டு எண்களை அனுப்பியிருப்பீர்கள். செக் திரும்பியதும் வங்கி அந்தத் தொகையை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். 'கணக்கில் தெரிகிறதே, வந்துவிட்டது' என்ற நினைப்புதான் இங்கே முதல் போட்டவர் நீங்கள் என்பதை மறைத்துவிடுகிறது.

செக் புழக்கம் குறைந்த இடங்களில் இதன் தம்பி ஒன்று வந்திருக்கிறது. மெசேஜில் யாரோ அறிமுகமாகி, வீடியோவுக்கு லைக் போட்டால், பொருளுக்கு ரேட்டிங் கொடுத்தால் காசு என்பார்கள். முதலில் சின்னத் தொகை உண்மையிலேயே வரும். பிறகு அடுத்த 'செட்' வேலையைத் திறக்க முன்பணம் கட்ட வேண்டும் என்பார்கள், அதற்கடுத்து இன்னும் பெரிய தொகை. திரையில் உங்கள் வருமானம் ஏறிக்கொண்டே போகும், வெளியே எடுக்க மட்டும் முடியாது. எஃப்டிசியிடம் இத்தகைய மோசடி பற்றி 2023-இல் சுமார் 5,000 புகார்கள் வந்தன. 2024-இன் முதல் பாதியில் மட்டும் அது சுமார் 20,000 ஆனது. இதில் விழுகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வேலையும் உண்மையான துண்டு வேலையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் முகம் தெரியாத முதலாளி, இரண்டிலும் ஒரு ஆப், இரண்டிலும் சின்னச் சின்னத் தொகைகள். வித்தியாசம் காசு எந்தத் திசையில் போகிறது என்பதில் மட்டும்தான்.

உண்மையான வேலையிலும் உங்கள் கைக்காசு முதலில் போகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளை நீங்களே தேர்ந்து கடையில் வாங்குகிறீர்கள், பில்லும் பொருளும் உங்கள் கையில் இருக்கும், தொகைக்கு உச்சவரம்பும் இருக்கும். அந்தப் பணம் ஆய்வு நிறுவனத்துக்கோ அது கைகாட்டும் வேறு ஆளுக்கோ போவதில்லை. மற்றபடி, வருமானம் சின்னதானாலும் அந்தந்த நாட்டு வரிச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். பில்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் செலவைக் கழித்துக் காட்ட உதவும்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, வேலை, சொன்ன கட்டணம், கைக்கு வந்த கட்டணம், வந்த தேதி என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ரிப்போர்ட்டை அனுப்பியதுவரை ஆன நேரம். முதல் மூன்று மாதம் அந்தக் கட்டத்தை நான் காலியாகவே விட்டிருக்கிறேன். நிரப்பத் தொடங்கியபின் எடுக்கும் வேலைகள் பாதியாகக் குறைந்தன, வருமானம் அவ்வளவாகக் குறையவில்லை. நேற்று அந்தத் துணிக்கடை வேலைக்கே மறுபடி மெயில் வந்தது, வேறு கிளை, மாதக் கடைசி, கட்டணம் ஒன்றரை மடங்கு. போய்வர ஒன்றே முக்கால் மணி நேரம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நேரமில்லை என்று பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் இரண்டு மடங்கு என்று வந்தது. அந்தப் பக்கம் வியாழக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. வியாழன் என்றால் சரி என்று எழுதியிருக்கிறேன்.